சிவப்பு மையில் நான் திருப்பி அனுப்பிய கடிதம்

குமரா, இதைக் கையால்தான் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் உன் அப்பா ஒவ்வொரு பக்கமாகப் போனில் படம் பிடித்து அனுப்புவார். அவர் எடுக்கும் படத்தில் எப்போதும் ஒரு கட்டைவிரல் விழும், பொறுத்துக்கொள். பெங்களூரில் உன் அறையில் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து நிதானமாகப் படி, பஸ்ஸில் நின்றுகொண்டு படிக்காதே. பதினோரு மாதமாக என்னிடம் நீ பேசியதெல்லாம் 'ம்', 'சரி', 'சாப்டேன்' என்ற மூன்று சொற்கள்தான். அதற்காக உன்னைக் குறை சொல்லமாட்டேன். அந்த மூன்றுக்கும்கூட நான் தகுதியானவளா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். ஆனால் அடுத்த மாதம் நீ ஜெர்மனி போகிறாய், மூன்று வருடம் வரமாட்டாய் என்று அப்பா சொன்ன பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை ஐயம்பேட்டைக்கு, எஸ்தர் வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன். அங்கே நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அதற்கு முன்னால் நான் செய்ததை என் வாயாலேயே ஒரு முறை முழுதாகச் சொல்லிவிட வேண்டும். இதுவரை நீயும் நானும் அதைச் சண்டையாகத்தான் பேசியிருக்கிறோம்.

முப்பத்தோரு வருடம் ஆங்கிலம் நடத்தியவள் நான். வினைச்சொல்லின் மூன்று வடிவங்களை ஒப்பிக்காத பிள்ளை என் வகுப்பில் உட்கார்ந்ததில்லை. வீட்டில் நீ மட்டும் தப்பிக்க முடியுமா? காலையில் உன் அப்பா தறிக்குழியில் இறங்கியிருப்பார், நான் அடுப்படியில் இருப்பேன், நடுவில் நின்றுகொண்டு நீ ஒப்பிப்பாய். கோ, வென்ட், கான் எல்லாம் எனக்கு அலுத்துப்போன சங்கதி. ஊரில் யாரும் வாயில் எடுக்காத வினைகள்தான் எனக்குப் பிடிக்கும். பிசீச், பிசாட், பிசாட். அதைச் சொல்லும்போதெல்லாம் நீ நாக்கைத் தொங்கப்போட்டு, "பிசாசு வருதும்மா" என்று குதிப்பாய். அடி வாங்கிக்கொண்டும் சிரிப்பாய். மன்றாடிக் கேட்பது என்று பொருள் சொன்னேன். "நீ யார்கிட்டயாவது அப்பிடி கேட்டுக்கிறியாம்மா?" என்று கேட்டாய். "எனக்கு அந்த அவசியம் வந்ததில்லடா" என்றேன். எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் தெரியுமா! மாமியார் வீட்டில், பள்ளிக்கூடத்தில், கடையில், எங்கேயும் யாரிடமும் தயவாக ஒன்றைக் கேட்டதில்லை என்பதை ஒரு பட்டம் மாதிரி வைத்திருந்தேன்.

திருத்துகிற பழக்கம் மட்டும் பள்ளிக்கூடத்தோடு நிற்கவில்லை. ஓட்டல் பலகையில் இட்லிக்கு எழுத்துப் பிழை இருந்தால் கல்லாவில் போய்ச் சொல்லிவிட்டுத்தான் சாப்பிடுவேன். உன் மாமா பெண்ணின் கல்யாணப் பத்திரிகையை வைக்க வந்தவர்கள் காபி குடித்து முடிப்பதற்குள் அதில் இரண்டு தப்பைச் சுழித்துக் காட்டினேன். உன் மாமா இன்றைக்கும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கைப்பையில் சாவி இல்லாமல் போனாலும் போகும், சிவப்புப் பேனா இல்லாமல் நான் தெருவில் இறங்கியதில்லை. இதையெல்லாம் சொல்லிச் சொல்லி வீட்டில் எல்லோரும் சிரித்தோம். நானும் சேர்ந்துதான் சிரித்தேன், அதனால் அது ஒரு குற்றம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஏனாத்தூர் கல்லூரியில் உன்னோடு படித்த பெண் எஸ்தர், அவளைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நீ சொன்ன அன்று நான் கத்தவில்லை, அழவில்லை. "பார்க்கலாம்" என்றேன். ஏழு மாதம் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த ஏழு மாதமும் நீ ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனாய். கடைசியில் பொறுக்க முடியாமல் அவள் அப்பா எழுதினார். பிள்ளை வீட்டுக்காரர்கள்தான் போய்ப் பெண் கேட்க வேண்டும். நாம் போகவில்லை என்பதால், முறையை விட்டு இறங்கி, பெண்ணைப் பெற்றவர் எழுதினார். அதுவும் இங்கிலீஷில் எழுதினார். நான் டீச்சர் என்று தெரிந்து, எனக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று எழுதியிருக்கிறார். வெள்ளைத் தாளில் பென்சிலால் கோடு போட்டு, கோட்டின் மேல் ஒவ்வொரு எழுத்தாக நிற்க வைத்திருந்தார்.

அந்தக் கடிதம் எனக்கு மனப்பாடம். என் பெயர் சாமுவேல், நான் வயர்மேன் வேலை செய்கிறேன், என் மகள் எம்.எஸ்ஸி. முடித்தவள், உங்கள் மகனும் அவளும் விரும்புகிறார்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை, உங்களிடம் நாங்கள் எதையும் எதிர்பார்க்கவில்லை, பல நாள் கடவுளிடம் மன்றாடினேன், இப்போது உங்களிடம் மன்றாடுகிறேன், பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். அவ்வளவுதான் அதில் இருந்தது. மன்றாடினேன் என்ற இடத்தில் 'பிசீச்ட்' என்று எழுதியிருந்தார். குமரா, ஒரு மனிதன் தன் பெண்ணுக்காக இரண்டு கையையும் கூப்பி நிற்கிறான், என் கண் அந்த ஒரு சொல்லில் போய் நின்றது. பேனாவை எடுத்தேன். அதைச் சுழித்து மேலே 'பிசாட்' என்று எழுதினேன். எடுத்த பேனா நிற்கவில்லை. மொத்தம் பதினோரு சுழி. கடைசியில், முப்பத்தோரு வருடம் நோட்டுப் புத்தகங்களில் எழுதியதைப் போலவே, திருத்தி மீண்டும் எழுதவும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பதிலுக்கென்று அவரே தபால்தலை ஒட்டி, தன் விலாசத்தை எழுதி ஒரு கவரை மடித்து உள்ளே வைத்திருந்தார். அந்தக் கவரிலேயே போட்டு அனுப்பினேன்.

மறு வாரம் நீ வந்து போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாய். எஸ்தர் அனுப்பிய படம். "இது உன் கையெழுத்தாம்மா?" என்று கேட்டாய். "தப்பைத் தப்புன்னு சொன்னேன்" என்றேன். நீ சாப்பிடாமல் கிளம்பிப் போனாய், அன்றைக்கு வைத்த மோர்க்குழம்பை யாரும் தொடவில்லை. உன் அப்பாதான் தறியிலிருந்து எழாமலேயே கேட்டார்: "அந்த மனுசன் இன்னா கேட்டுக்கிறாரு, நீ இன்னா பதில் அனுப்பிக்கிற?" கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் என்னைத் திட்டியதில்லை. அன்றும் திட்டவில்லை, கேட்டார், அவ்வளவுதான். நான் பாத்திரம் விளக்கப் போனேன். இரண்டு நாளில் செய்தி வந்தது. பெண்ணைக் கொடுக்க முடியாது என்று சாமுவேல் சொல்லிவிட்டார். அப்பாவின் மனசு ஒப்பாமல் கல்யாணம் வேண்டாம் என்று எஸ்தரும் சொல்லிவிட்டாள்.

பிறகு ஒரு நாள் பெரிய அகராதியைப் புரட்டிப் பார்த்தேன். அவர் எழுதிய வடிவமும் அதில் இருந்தது, இரண்டும் செல்லும் என்று போட்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்குப் புத்தி வந்தது என்று நினைத்துவிடாதே. அவர் எழுதியது நூற்றுக்கு நூறு தப்பாகவே இருந்திருந்தாலும் நான் செய்தது அயோக்கியத்தனம்தான். உண்மையைச் சொல்கிறேன், கேள். எனக்கு அந்தக் கடிதத்தில் பிடிக்காதது அதன் இங்கிலீஷ் இல்லை. அவர் யார் என்பதுதான். அவருடைய அப்பா நிலமில்லாமல் கூலிக்குப் போனவர் என்பது, அவர்கள் தெரு எது என்பது, தேர்த் திருவிழாவில் நம் வீட்டு மண்டகப்படி நாளில் நம் சொந்தக்காரர்கள் எப்படி முகத்தைத் திருப்புவார்கள் என்பது. ஜாதியைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வகுப்பில் அத்தனை பிள்ளைகளையும் ஒன்றாக உட்கார வைத்த டீச்சர் அதை எப்படிச் சொல்வாள்? அதனால் இலக்கணத்தைச் சொன்னேன். வாய்விட்டு 'மாட்டேன்' என்று சொல்லியிருந்தால்கூட அதில் ஒரு நேர்மை இருந்திருக்கும்.

ஜெர்மனிச் செய்தியைக் கேட்டதும் சாமுவேலுக்கு மன்னிப்புக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். இங்கிலீஷில்தான். நான்கு முறை எழுதினேன், நான்கிலும் ஒரு தப்பு இல்லை, ஒன்றும் உருப்படியாகவும் இல்லை. வருந்துகிறேன், துரதிருஷ்டவசமாக, தவறான புரிதல் என்று தாசில்தார் ஆபீஸிலிருந்து வந்த கடிதம் மாதிரி இருந்தது. நான்கையும் கிழித்துப் போட்டுவிட்டு, ஞாயிறு காலையில் ஷேர் ஆட்டோ பிடித்தேன். உன் அப்பா கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். தனியாகச் செய்ததைத் தனியாகத்தான் போய்ச் சொல்ல வேண்டும் என்று பட்டது.

சர்ச் முடிந்து அப்போதுதான் வந்திருந்தார்கள் போலிருக்கிறது. சாமுவேல் வெள்ளைச் சட்டையோடு வாசலில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் யார் என்று தெரிந்துகொண்டார். "வாங்க டீச்சர், உள்ள வாங்க" என்றார். குரலில் கோபமும் இல்லை, உபசாரமும் இல்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். எதிர்ச் சுவரில் இயேசு படத்துக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு பழைய டைப் அடித்த தாள் மாட்டியிருந்தது. பழக்க தோஷம், எதுவும் பேசுவதற்கு முன் என் கண் அதைப் படிக்கப் போய்விட்டது. இங்கிலீஷ் மனு. மூன்றாவது வரியில் அந்தச் சொல் இருந்தது. பிசீச்.

நான் பார்ப்பதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். "எங்கப்பா குடுத்த மனு டீச்சர் அது. மூணு சென்ட் மனைக்கு ஏழு வருசம் அலைஞ்சாரு. தமிழ்ல எத்தினியோ தபா எழுதிக் குடுத்தாரு, ஒண்ணும் நடக்கல. கடைசியா டைப் அடிக்கிற ஒருத்தரு, இங்கிலீஷ்ல போடலாம், நல்ல வார்த்தையா ஒண்ணு போட்டுத் தர்றேன்னு சொல்லி இத அடிச்சுக் குடுத்தாரு. அந்த மனுவுக்குத்தான் பட்டா வந்துச்சு. இந்த ஊடு அந்த மனையிலதான் நிக்குது. எங்கப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனா அந்த வார்த்தய மட்டும் வெரல வச்சுக் காட்டுவாரு. அதுக்குத்தான் பட்டா குடுத்தாங்கன்னு சாவற வரைக்கும் சொல்லிக்கினு இருந்தாரு. எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்லயே பெரிய வார்த்த அதான். அதத்தான் உங்களுக்கு எழுதினேன்."

குமரா, ஒரு குடும்பம் தன்னிடம் இருந்ததிலேயே உயர்ந்ததை எடுத்து என் முன்னால் வைத்திருக்கிறது, அதை நான் சுழித்து அனுப்பியிருக்கிறேன். அவர் அதோடு விடவில்லை. "அந்த மனுவுலயும் தப்பு இருக்குதா டீச்சர்?" என்று கேட்டார். இருந்தது. நான்கு இருந்தது. "இருந்தா இன்னாங்க, பட்டா குடுத்துட்டாங்களே" என்றேன். அவர் சட்டென்று சிரித்துவிட்டார். உள்ளே அவர் மனைவி சிரித்ததும் கேட்டது. அந்தச் சிரிப்பு மட்டும் வராமல் போயிருந்தால், நான் வந்த காரியத்தைச் சொல்லாமலே திரும்பியிருப்பேன்.

எழுந்து நின்றுகொண்டேன். உட்கார்ந்தபடி சொல்ல முடியவில்லை. "உங்க கடிதத்துல எனக்குப் பிடிக்காம போனது இங்கிலீஷ் இல்லைங்க. ஜாதிதான். அத மறைக்கத்தான் அப்படிச் செஞ்சேன்" என்றேன். "தெரியும் டீச்சர்" என்றார் சாமுவேல். "அத நீங்களே சொல்றீங்களான்னுதான் பாத்துக்கினு இருந்தேன்." பிறகு கேட்டேன். வாழ்நாளில் முதல் முறை. அழகாக எல்லாம் கேட்கவில்லை. சொல் முன்னும் பின்னுமாக வந்தது. "மன்னிச்சிருங்க. உங்க பொண்ண எங்க வீட்டுக்குக் குடுங்க. நான் நல்லா வச்சிக்கிறேன். கெஞ்சிக் கேக்கறேன்" என்றேன். முப்பத்தோரு வருடம் நான் சொல்லிக்கொடுத்த சொல்லின் பொருள் அறுபத்திரண்டு வயதில் எனக்குத் தெரிந்தது. அதில் அவமானம் ஒன்றும் இல்லையடா. கேட்ட பிறகு உடம்பு லேசாகிவிட்டது.

இதுவரை படித்ததில் உனக்கு அம்மா மேல் கொஞ்சம் மனசு இளகியிருக்கும். நல்லது. இனி எழுதப்போவது உன்னைப் பற்றி.

எஸ்தர் டீ கொண்டுவந்து கொடுத்தாள். மெலிந்திருக்கிறாள். என்னைப் பார்த்துக் கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஆன்ட்டி, அவரு நல்லா இருக்காரா?" எனக்குப் புரியவில்லை. "என்கிட்டதான்மா பேசமாட்டான். உன்கிட்ட தினமும் பேசுவானே" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். "நாலு மாசமா போன் எடுக்கறதில்ல ஆன்ட்டி. மெசேஜ் போட்டா, டைம் குடுன்னு ஒரே வரி. ஜெர்மனி போறதே எனக்கு ஃப்ரெண்டு சொல்லித்தான் தெரியும்" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் அழுதாளா என்று எனக்குத் தெரியாது, கதவைச் சாத்திக்கொண்டாள்.

இத்தனை நாள் நான் நினைத்துக்கொண்டிருந்தது வேறு. நீங்கள் இருவரும் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் என்றுதான் நினைத்தேன். உன் கோபம் நியாயம் என்று தலைகுனிந்து இருந்தேன். நீயானால் அவளையும் விட்டுவிட்டு ஓடிக்கொண்டிருக்கிறாய். ஏன் என்று எனக்குத் தெரியும், உன்னைப் பெற்றவள் அல்லவா. உனக்கு வெட்கம். இப்படிப்பட்ட அம்மாவுக்குப் பிள்ளையாக அவள் அப்பா முன் எப்படி நிற்பது என்ற வெட்கம். ஆனால் கண்ணா, அந்தப் பதினோரு மாதத்தில் ஒரு நாளாவது நீ அந்த வீட்டுப் படியேறி, எங்க அம்மா செய்தது தப்பு, நான் வந்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாமே. நான் இலக்கணத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன், நீ எனக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறாய். யாரிடமும் எதையும் கேட்காமல் இருப்பது பெரிய கௌரவம் என்று உனக்குக் கற்றுக்கொடுத்தவளும் நான்தான். அந்தப் பாடத்தைத்தான் உன்னிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ள நினைக்கிறேன். மற்ற வினைகளை எல்லாம் நீயே வைத்துக்கொள்.

கிளம்பும்போது சாமுவேல் ஆட்டோ நிற்கும் இடம் வரைக்கும் கூட வந்தார். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகு, "என் பதில் என்னன்னு கேக்கமாட்டேங்கறீங்களே டீச்சர்" என்றார். சொல்லுங்கள் என்றேன். "உங்க மேல எனக்கு வருத்தம் தீர்ந்துபோச்சு. அம்மா வந்து கேட்டுட்டீங்க. ஆனா என் பொண்ணு கூட வாழப்போறது நீங்க இல்லயே. கட்டிக்கப் போறவன் வந்து ஒரு வார்த்த கேக்கட்டும். என்கிட்ட இல்ல, அவகிட்ட. அவ சரின்னா எனக்கும் சரி. அவ மாட்டேன்னா, நீங்க எத்தினி தபா வந்தாலும் நடக்காது" என்றார். அவர் பேச்சில் திருத்த ஒன்றும் இல்லை.

அவள் சரி என்று சொல்வாள் என்று நான் உனக்கு வாக்குக் கொடுக்கமாட்டேன். சாத்திய கதவைத்தான் நான் பார்த்துவிட்டு வந்தேன். நீ பிந்தியிருக்கலாம், அதற்கும் மனசைத் தயார் செய்துகொண்டு வா. வெள்ளிக்கிழமை பஸ் ஏறினால் சனிக்கிழமை காலையில் இங்கே இருப்பாய். குளித்துச் சாப்பிட்டுத் தூங்கு. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு மேல் அவர்கள் வீட்டில் இருப்பார்கள். நாங்கள் யாரும் கூட வரமாட்டோம். எஸ்தர் கதவைத் திறந்தால், அம்மா அப்படிச் செய்துவிட்டாள் என்று தொடங்காதே. என்னைப் பற்றிப் பேச வேண்டியதை நான் பேசிவிட்டேன். உனக்காகக் கேள்.

அம்மா